180 ரூபாய் ப்ளூடூத் டாங்கிள்: மின்ட் பார்க்கிறது, ஆனால் பேச மாட்டேன் என்கிறது

நகல்கடை:

வணக்கம். மன்னார்குடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர்: ஐ3 நான்காம் தலைமுறை, ஹெச்81 போர்டு, 4 ஜிபி ராம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவரும் பென்டிரைவில் என்ன இருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒருநாள் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, ஒரு பெண்ணின் புராஜெக்ட் ரிப்போர்ட் என் கண் முன்னாலேயே காணாமல் போனது. அந்த வாரமே என் தங்கை மகன் வந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 20.3 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். பிரிண்டரும் ஸ்கேனரும் சொல்லாமலே வேலை செய்தன. அதிலிருந்து குறை ஒன்றும் இல்லை, போன வாரம் வரை.

எனக்கு ப்ளூடூத் எதற்கு என்று கேட்பீர்கள். இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "பிரிண்ட் எடுங்க" என்கிறார்கள். கடை நம்பர் என்று தனியாக இல்லை, என் நம்பர்தான். இரவு 11 மணிக்குக்கூட பிடிஎஃப் வருகிறது. யார் யாருடைய ஆதார் அட்டையோ என் போன் கேலரியில் கிடக்கிறது, என் பேரன் பிறந்தநாள் படங்களுக்கு நடுவில். எனக்கே சங்கடமாக இருக்கிறது. ப்ளூடூத்தில் வாங்கினால் பிரிண்ட் எடுத்துவிட்டு அங்கேயே அழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் 180 ரூபாய்க்கு யூஎஸ்பி டாங்கிள் வாங்கினேன். நகக்கண் அளவுதான் இருக்கிறது. அட்டையில் "5.0" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கம்பெனி பெயர் எங்கேயும் இல்லை. கூடவே ஒரு மினி சிடி.

சொருகினால் நீல விளக்கு எரிகிறது. மின்ட்டில் ப்ளூடூத் ஐகானும் வருகிறது. ஆனால் திறந்தால் எதுவும் கண்டுபிடிப்பதில்லை. தங்கை மகன் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான். போனில் சொல்லச் சொல்ல டெர்மினலில் தட்டியதில் கிடைத்தவை:

எல்எஸ்யூஎஸ்பி (சொருகிய யூஎஸ்பி பொருள்களைப் பட்டியலிடும் கட்டளை) காட்டுவது: 0ஏ12:0001, கேம்பிரிட்ஜ் சிலிக்கான் ரேடியோ, ப்ளூடூத் டாங்கிள்.

ப்ளூடூத்சிடிஎல் என்ற ப்ளூடூத் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து ஷோ என்று அடித்தால் கன்ட்ரோலரே இல்லை என்கிறது.

ஹெச்சிஐகான்ஃபிக் கட்டளை கொடுத்து, ஹெச்சிஐ0 என்று லினக்ஸ் பெயர் வைத்திருக்கும் டாங்கிளை எழுப்பப் பார்த்தால் நேரம் முடிந்துவிட்டது என்று 110 என்ற எண்ணைக் காட்டுகிறது.

அவன் கடைசியாகச் சொன்னது: "பெரியம்மா, அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு." 180 ரூபாய் என்பது எனக்கு 90 பக்க ஜெராக்ஸ். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.


முனையம்_7:

ஆர்எஃப்கில் (ப்ளூடூத், வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் கட்டளை) பார்த்தீர்களா சார்? பல நேரம் சாஃப்ட் பிளாக் ஆகியிருக்கும். அன்பிளாக் செய்தால் போதும்.


நகல்கடை:

பார்த்தாயிற்று. சாஃப்ட், ஹார்டு இரண்டுக்கும் "இல்லை" என்றுதான் காட்டுகிறது. அப்புறம், சார் இல்லை தம்பி, அக்கா.


முனையம்_7:

மன்னிக்கவும் அக்கா! அப்படியென்றால் அந்த மினி சிடியில் உள்ள விண்டோஸ் டிரைவரை என்டிஐஎஸ்ரேப்பர் வைத்து ஏற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பழைய வைஃபை கார்டுக்கு அப்படித்தான் செய்தோம்.


ஈயப்பற்று:

தம்பி, என்டிஐஎஸ்ரேப்பர் வைஃபை மாதிரியான நெட்வொர்க் டிரைவர்களுக்கு மட்டும்தான். ப்ளூடூத்துக்கு அதில் வழியே இல்லை. அந்த சிடியை டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

நகல்கடை அம்மா, உங்கள் டாங்கிள் போலி. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். டிவி மெக்கானிக்காக முப்பது வருஷம் இருந்தவன், சுருக்கமாகச் சொல்ல வராது.

யூஎஸ்பி பொருள் ஒவ்வொன்றும் தன்னை இரண்டு எண்களால் அறிமுகப்படுத்திக்கொள்ளும். முதலாவது தயாரிப்பாளர், இரண்டாவது பொருள். 0ஏ12 என்பது கேம்பிரிட்ஜ் சிலிக்கான் ரேடியோ, அதாவது சிஎஸ்ஆர் என்ற இங்கிலாந்து கம்பெனியின் எண். 2015-இல் அதைக் குவால்காம் வாங்கிவிட்டது. அந்த 0001 என்பது ப்ளூடூத் 1.1 காலத்திலேயே வந்த எண். சிஎஸ்ஆர் டாங்கிள்கள் உலகம் முழுக்க விற்றதால் எல்லா இயங்குதளத்துக்கும் அந்த எண் அத்துப்படி. ஆகவே பெயர் இல்லாத சில்லு செய்கிறவர்கள் சொந்தமாக எண் வாங்காமல் இதையே அச்சடித்துவிடுகிறார்கள். உங்கள் தொழிலில் சொல்வதென்றால், அடுத்தவர் ஆதார் நகலில் தன் போட்டோவை ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிற ஆள்.

சரி, எண் பொய்யாக இருந்தால் என்ன, வேலை செய்ய வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ப்ளூடூத் யூஎஸ்பியைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு பிடியூஎஸ்பி என்று பெயர். அது டாங்கிளை எழுப்பியதும் "உனக்கு எந்தெந்தக் கட்டளைகள் தெரியும்?" என்று பட்டியல் கேட்கும். அசல் சில்லுவின் பட்டியலைப் பார்த்து எழுதிய போலி, "எல்லாம் தெரியும்" என்று தலையாட்டும். நம்பிக் கேட்டால், உதாரணமாகச் சேமித்துவைத்த இணைப்புச் சாவிகளை அழி என்றோ, பிழையான ஒலித் தரவை எப்படித் தெரிவிப்பாய் என்றோ கேட்டால், முழிக்கும். சில போலிகள் பிழை என்று திருப்பிச் சொல்லும், சில வாயே திறக்காது. தொடக்கத்திலேயே இப்படி ஒரு கட்டளை தோற்றால் கெர்னல் மொத்தத்தையும் கைவிட்டுவிடும். உங்களுக்கு வந்த 110 அதுதான்: கேட்டேன், பதில் வரவில்லை, காத்திருந்து அலுத்துவிட்டேன்.

இதைவிட வேடிக்கையான ஒரு வகை உண்டு. பேரட் என்ற சில்லு உள்ள போலிகள் சிலவற்றில், டாங்கிளை ஒருமுறையாவது தூங்கவைத்து எழுப்பினால் ஒழிய, தரவு வரும் வாசல் திறக்கவே திறக்காது. இணைந்துவிட்டது என்று காட்டும், கீபோர்டில் எவ்வளவு தட்டினாலும் ஒரு எழுத்து வராது. அதைக் கண்டுபிடித்தவர்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தார்களோ!

நல்ல செய்தி: இந்தப் போலிகளை இனம்கண்டு சமாளிக்கிற திருத்தம் 2020-இல் 5.9 கெர்னலில் சேர்ந்தது. அதற்குப் பிறகும் அதில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் மின்ட் 20.3-இல் பெரும்பாலும் 5.4 இருக்கும். டெர்மினலில் யூநேம் கட்டளையோடு சிறிய ஆர் கொடுத்துப் பாருங்கள், கெர்னல் எண் வரும்.

அது 5.4 என்றால், எதையும் கம்பைல் செய்ய வேண்டாம். அப்டேட் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் லினக்ஸ் கெர்னல்ஸ் என்று இருக்கும். அங்கே 5.15 வரிசையில் கடைசியாக உள்ளதைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். பழையது அப்படியே இருக்கும், அழிக்காதீர்கள். புதியது மக்கர் செய்தால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். கடை ஒருநாள்கூட நிற்காது.

இன்னொன்று. வெறுமனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். டாங்கிளைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரை முழுக்க அணைத்து, திரும்ப ஏற்றிய பிறகு சொருகுங்கள். ரீஸ்டார்ட்டில் யூஎஸ்பிக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும், டாங்கிள் பழைய கோலத்திலேயே உட்கார்ந்திருக்கும்.


தனிவழி:

எதற்கு இந்தப் பாடு? நான் ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம் ஓட்டுகிறேன். அதில் ப்ளூடூத்தே கிடையாது, 2014-இல் 5.6 வெளியீட்டில் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். ஹெட்போனுக்கு யூஎஸ்பி ஆடியோ டிரான்ஸ்மிட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். ப்ளூடூத் வேலை முழுவதையும் அதுவே தனக்குள் செய்துகொள்ளும். கணினிக்கு அது ஒரு சாதாரண சவுண்டு கார்டுதான். டிரைவர் பிரச்சினையே வராது.


நகல்கடை:

தனிவழி அண்ணா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சவுண்டு கார்டில் ஆதார் அட்டை வருமா?


தனிவழி:

வராது. :)


கோடன்:

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். பிடியூஎஸ்பியின் மூல நிரலில் இந்த எண்ணை ஒரு வரியாகச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தால் என்ன? இல்லையென்றால் சிஸ் கோப்பகத்தில் பிடியூஎஸ்பிக்கு உள்ள நியூ_ஐடி கோப்பில் எண்ணை எழுதினால் உடனே பிடித்துக்கொள்ளுமே. என் லேப்டாப்பில் ஒரு வைஃபை கார்டுக்கு இந்த வித்தை பலித்தது.


ஈயப்பற்று:

அந்த வித்தை நல்ல வித்தை, ஆனால் இந்த நோய்க்கு மருந்து அது இல்லை. டிரைவர் ஒரு பொருளைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால்தான் நியூ_ஐடி. இங்கே 0ஏ12:0001 ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது, பிடியூஎஸ்பி டாங்கிளைப் பிடித்தும்விட்டது. ஹெச்சிஐ0 உருவானதே அதற்குச் சாட்சி. அதற்கப்புறம் நடக்கிற பேச்சுவார்த்தைதான் முறிகிறது.

ரியல்டெக் என்ற கம்பெனியின் சில்லு உள்ள டாங்கிள்களிலும் பலர் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ப்ளூடூத் என்ற பொது வகைக்குள் வருவதால் பிடியூஎஸ்பி அதையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் "இது ரியல்டெக், இதற்கு ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) ஏற்ற வேண்டும்" என்ற குறிப்பு டிரைவரின் உள்பட்டியலில் இல்லையென்றால் ஃபர்ம்வேர் ஏறாது. நியூ_ஐடியில் எழுதினாலும் அந்தக் குறிப்பு ஒட்டிக்கொண்டு வராது. அங்கே நீங்கள் சொல்கிற ஒரு வரித் திருத்தமோ புதிய கெர்னலோதான் வழி.


நகல்கடை:

கெர்னல் 5.4-தான். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஈயப்பற்று ஐயா சொன்னபடி 5.15 நிறுவினேன். அது இறங்குவதற்குள் ஒரு கட்டு ஸ்பைரல் போட்டு முடித்துவிட்டேன். முழுக்க அணைத்து, ஏற்றி, சொருகினேன்.

டிமெஸ்ஜி (கெர்னல் எழுதிவைக்கும் பதிவைக் காட்டும் கட்டளை) காட்டியதில் முக்கியமானதாகத் தெரிந்தவை: பதிப்பு எண் 88.91. ஹெச்சிஐ வெர்ஷன் 9, ரிவிஷன் 0810. எல்எம்பி வெர்ஷன் 9, சப்வெர்ஷன் 2312. மேனுஃபாக்சரர் 10. அதற்குக் கீழே, பெயரற்ற சிஎஸ்ஆர் நகல் கண்டுபிடிக்கப்பட்டது, மாற்று ஏற்பாடுகளோடு ஒருமுறை கட்டாயமாகத் தூங்கவைக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி.

"நகல்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம் இனம்தான்!

இப்போது என் போனைக் கண்டுபிடிக்கிறது. இணைகிறது. ஒரு படம் அனுப்பினேன், வந்தது. இரண்டாவதாக 6 எம்பி பிடிஎஃப் அனுப்பினேன், பாதியில் நின்றுவிட்டது. மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் பாதியில்தான். டாங்கிளின் தரமே அவ்வளவுதானா?


ஈயப்பற்று:

சபாஷ் அம்மா. நீங்கள் எழுதிய எண்களை மற்றவர்களும் கவனியுங்கள், போலியைக் கண்டுபிடிக்கிற சூட்சுமம் அதற்குள்ளேயே இருக்கிறது. மேனுஃபாக்சரர் 10 என்றால் சிஎஸ்ஆர். அதை இந்தப் போலி சரியாகவே காப்பியடித்திருக்கிறது. ஆனால் அசல் சிஎஸ்ஆரில் ரிவிஷனும் சப்வெர்ஷனும் எப்போதும் ஒரே எண்ணாக இருக்கும். இவருக்கு 0810, 2312 என்று வேறு வேறு. மாட்டிக்கொண்டார். அப்புறம் ஹெச்சிஐ வெர்ஷன் 9 என்றால் ப்ளூடூத் 5.0. ஆனால் அந்த 88.91 எந்த அசல் சில்லுவுடையதோ, அந்த சிஎஸ்ஆர்8510, 4.0 காலத்துச் சரக்கு. அதில் இந்த இடத்தில் 6 வந்திருக்க வேண்டும். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பேரன் வந்து நிற்கிறான்.

பாதியில் நிற்பதற்கு டாங்கிளை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. எங்கே சொருகியிருக்கிறீர்கள்? பக்கத்தில் என்ன இருக்கிறது?


நகல்கடை:

சிபியூவின் பின்பக்கம். முன்பக்க யூஎஸ்பி இரண்டும் பென்டிரைவ் சொருகிச் சொருகி லூஸாகிவிட்டன. பின்னால் இரண்டு நீல யூஎஸ்பி இருக்கிறது. ஒன்றில் பேக்கப் ஹார்டு டிஸ்க், அதை எடுப்பதே இல்லை. பக்கத்து நீலத்தில் டாங்கிள். சிபியூ இரும்பு மேசைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி இருக்கிறது.


ஈயப்பற்று:

அதுதான் காரணம். நீல நிறம் என்றால் யூஎஸ்பி 3.0. அதில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும். ப்ளூடூத் பேசுவதும் அதே 2.4-இல்தான். இன்டெல்லே 2012-இல் இதை அளந்து ஒரு ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ரகசியம் பேசுகிற கதை. போதாக்குறைக்குச் சுற்றிலும் இரும்பு.

ஒரு சாதாரண யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள், ஒரு மீட்டர் இருந்தால் போதும். பின்பக்கத்திலேயே உள்ள கறுப்பு போர்ட்டில் சொருகி, மறுமுனையை மேசைக்கு மேலே கொண்டுவந்து, டாங்கிளை அதில் மாட்டுங்கள்.


கோடன்:

அக்கா, அதோடு இன்னும் இரண்டு. கோப்பு வாங்குவதற்கு ப்ளூமேன் என்ற ப்ளூடூத் நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் லோக்கல் சர்வீசஸ், டிரான்ஸ்ஃபர் என்று போனால் வருகிற கோப்பு எந்த ஃபோல்டரில் விழ வேண்டும் என்று சொல்லலாம். புதிய போன் ஏதாவது அனுப்பினால் ஏற்கவா வேண்டாமா என்று கேட்கும். அந்தக் கேள்வியை நிறுத்திவிடாதீர்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடை.

இரண்டாவது, உங்கள் கம்ப்யூட்டர் மற்ற போன்களுக்குத் தெரிவது இயல்பாக 180 விநாடிக்குத்தான். ஈடிசி கோப்பகத்தில் ப்ளூடூத் என்ற ஃபோல்டருக்குள் மெயின்.கான்ஃப் கோப்பில் டிஸ்கவரபிள்டைம்அவுட் என்ற வரியை 0 ஆக்கினால் எப்போதும் தெரியும். நான் ஆக்க மாட்டேன். ஆள் வந்து நிற்கும்போது ஒரு கிளிக் செய்து காட்டினால் போதும்.

இன்னொரு விஷயம், கோபப்படாதீர்கள். மின்ட் 20.3-க்கு 2025 ஏப்ரலோடு ஆதரவு முடிந்துவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. 21 போட்டால் 2027 வரை, 22 போட்டால் 2029 வரை கவலையில்லை. 22-இல் கெர்னலே 6.8.


நகல்கடை:

கோபம் எதற்கு தம்பி. ஆனால் இப்போது காலேஜ் அட்மிஷன் நேரம், காலை எட்டு மணிக்கே வரிசை. ஆடி மாதம் கடை காற்றாடும், அப்போது தங்கை மகனை ஓசூரிலிருந்து வரவழைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் கேபிள் 60 ரூபாய். டாங்கிளைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ஸ்டேப்ளர் டப்பா மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். அதே 6 எம்பி பிடிஎஃப் ஒரே மூச்சில் வந்தது. அடுத்து 22 எம்பி ஸ்கேன் ஒன்று அனுப்பினேன், ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது, ஆனால் முழுசாக வந்தது. 180 விநாடியை அப்படியே விட்டிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு ப்ளூடூத் பெயர் "ஜெராக்ஸ் கடை" என்று தமிழிலேயே வைத்தேன். எல்லா போனிலும் ஒழுங்காகத் தெரிகிறது, ஒரு பட்டன் போனைத் தவிர. அதில் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. அந்தப் பெரியவர் கட்டத்துக்கே அனுப்பினார், வந்துவிட்டது.

இன்று மாலை வரை பதினோரு பேர். என் வாட்ஸ்அப்பில் ஒரு ஆதார்கூட வரவில்லை. தங்கை மகனுக்கு போன் செய்து சொன்னேன், "அந்த டாங்கிளா ஓடுது?" என்று இரண்டு தடவை கேட்டான்.

ஒரே ஒரு சந்தேகம். ஒரு பையன் ஐபோன் கொண்டுவந்தான். அதில் எங்கே தேடியும் ப்ளூடூத்தில் அனுப்புகிற இடமே கிடைக்கவில்லை. என்ன செய்ய?


முனையம்_7:

ஐபோனில் அது கிடையாது அக்கா. கேபிள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


நகல்கடை:

எவ்வளவு ஆகும்?


முனையம்_7:

180 ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்காதீர்கள்.